யூ.எஸ்.பி ஒலி இடைமுகம்

யூ.எஸ்.பி ஒலி இடைமுகம் என்பது ஒலிவாங்கி, மின்கிட்டார் முதலியவற்றின் மின் குறிப்பலைகளை எண்முறைத் தரவாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவி ஆகும். கணினியிலிருந்து வரும் தரவை மீண்டும் குறிப்பலையாக்கி ஒலிபெருக்கிக்கும் காதொலிப்பானுக்கும் வழங்குகின்றது. வீட்டு ஒலிப்பதிவில் இது பரவலாகப் பயன்படுகின்றது.

இணைத்தல்

யூ.எஸ்.பி ஒலி வகுப்புச் சீர்தரத்தைப் பின்பற்றும் கருவிகள் மாக், லினக்ஸ் இயங்குதளங்களில் தனி இயக்கி மென்பொருளின்றி இயங்கும். விண்டோசில், சுணக்கத்தைக் குறைக்கத் தயாரிப்பாளர் வழங்கும் ஆசியோ இயக்கி நிறுவப்படுகின்றது. மின்தேக்கி ஒலிவாங்கிகளுள் பெரும்பாலானவற்றுக்கு இடைமுகத்திலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் தேவை. சில பழைய நாடா ஒலிவாங்கிகள் இம்மின்னழுத்தத்தால் பழுதடையக்கூடும்.

ஒலி மட்டம்

எண்முறைப் பதிவின் மேல் வரம்பு 0 டெசிபல் எனக் குறிக்கப்படும். அதனைத் தாண்டும் அலைகளின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. பின்னர் மென்பொருளில் ஒலியளவைக் குறைத்தாலும் இச்சிதைவு நீங்காது. எனவே 24 பிட் பதிவில், பாடகர் மிக உரத்துப் பாடும் இடத்திலும் மட்டம் −12 டெசிபல் அளவில் நிற்குமாறு முன்பெருக்கியை அமைப்பது வழக்கம்.

சுணக்கம்

கணினி ஒலித்தரவைத் தொகுதி தொகுதியாகக் கையாள்வதால் சுணக்கம் ஏற்படுகின்றது. 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 256 மாதிரிகள் கொண்ட இடையகம் நிரம்ப ஏறத்தாழ 5.3 மில்லிநொடி ஆகும். பாடகர் தம் குரலைக் கணினி வழியாகக் கேட்கும்போது, உள்ளீடு, வெளியீடு இரண்டின் சுணக்கமும் சேர்ந்து தாளம் தவறச் செய்யலாம். இடையகத்தைச் சிறிதாக்கினால் சுணக்கம் குறையும். ஆனால் கணினி ஈடுகொடுக்காவிடில் ஒலி விட்டுவிட்டு வரும். ஆகவே பதிவின்போது சிறிய இடையகமும், ஒலிக்கலவையின்போது பெரிய இடையகமும் பயன்படுத்தப்படுகின்றன. பல கருவிகளில் உள்ள நேரடிக் கேட்பு வசதி, குரலைக் கணினிக்குள் செலுத்தாமலே காதொலிப்பானுக்குத் தந்து இச்சிக்கலைத் தவிர்க்கின்றது.