ஹெல்மெட் கண்ணாடியும் ஆவியும்: ஒரு சின்னத் தகட்டின் வரலாறு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு சாயங்கால நேரம் ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மழை கொட்டிக்கொண்டிருக்கும். பைக்கில் வருகிறவர்கள் தலையில் ஹெல்மெட் இருக்கும். ஆனால் நிறையப் பேருடைய ஹெல்மெட் கண்ணாடி மேலே தூக்கியே இருக்கும். முகத்தில் மழை அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கையால் துடைத்துக்கொண்டே வண்டி ஓட்டுவார்கள்.

மழையைத் தடுக்கத்தானே அந்தக் கண்ணாடி? பிறகு ஏன் மழையில் அதைத் தூக்கிவிடுகிறார்கள்?

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "மூடினா ஆவி படியுது சார், ஒண்ணும் தெரியல." இந்த ஒரு வரிப் பிரச்சினைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அதில் போர் வருகிறது, கார் பந்தயம் வருகிறது, விண்வெளி கூட வருகிறது!

ஆவி ஏன் படிகிறது?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் தண்ணீராக மாறுகிறது. ஹெல்மெட்டுக்குள் நடப்பதும் அதுவேதான். மனிதன் வெளிவிடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் சூட்டில், கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு வருகிறது. மே மாத மத்தியானத்தில் கண்ணாடியும் சூடாக இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. மழையில் நனைந்த கண்ணாடியோ 25 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மூச்சு அதில் பட்டவுடன் ஆயிரக்கணக்கான நுண்ணிய துளிகளாகப் படியும். ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கும். எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் ஒரு பெரிய வெள்ளைப் புகையாகத் தெரியும்.

"இது குளிர் நாட்டுக்காரர்களின் பிரச்சினை, சென்னைக்கு எதற்கு?" என்று தோன்றலாம். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. கடல் பக்கத்து ஊர் என்பதால் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. ஆகவே குளிரே இல்லாத ஊரிலும் இந்தப் பிரச்சினை வருடத்துக்கு மூன்று மாதம் நிச்சயம்.

முகம் திறந்திருந்த காலம்

ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஏனென்றால் முகத்தை யாரும் மூடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலர் ஒரு தோல் தொப்பியும் தூசிக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார்கள். பலர் அதையும் போடவில்லை.

1935 மே மாதம் இங்கிலாந்தில் டி.இ. லாரன்ஸ் (அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்றவர்) மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் சாலை விபத்தில் இறந்ததை 1941-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கெய்ர்ன்ஸ் எடுத்துக்காட்டினார். ஹெல்மெட் போட்டிருந்து விபத்தில் சிக்கிய ஏழு பேரைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த ஏழு பேரும் உயிர் பிழைத்திருந்தார்கள்! அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

இந்த ஹெல்மெட்டுகள் மண்டையை மட்டும் காத்தன. முகம் திறந்தே இருந்தது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் முகம் முழுவதையும் மூடும் 'பெல் ஸ்டார்' ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. கார் பந்தய வீரர் டான் கர்னி ரொம்ப உயரமானவர். காரின் கண்ணாடிக்கு மேலே அவர் தலை நீட்டிக்கொண்டிருக்கும், முன்னால் போகும் கார் கிளப்பும் கல் எல்லாம் முகத்தில் அடிக்கும். அவர் 1968-ல் இந்த முழு ஹெல்மெட்டை அணிந்து பந்தயங்களில் ஓட்டினார். அதன் பிறகு அது பரவியது.

முகம் பாதுகாப்பாயிற்று. ஆனால் மூச்சு உள்ளே மாட்டிக்கொண்டது. கண்ணாடி என்று பேச்சு வழக்கில் சொன்னாலும் பின்னாளில் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டது. 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் தனித்தனியே கண்டுபிடித்த பொருள் இது. சுத்தியல் அடியைக்கூடத் தாங்கும். ஆனால் தண்ணீர் அதன் மேல் பரவாது, துளித்துளியாகத்தான் நிற்கும். ஆவிப் பிரச்சினைக்கு இதைவிட மோசமான குணம் வேண்டுமா?

விண்வெளியில் மூக்கால் துடைத்தவர்

1966 ஜூன் 5. ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து யூஜீன் செர்னன் விண்வெளியில் நடக்க வெளியே வந்தார். எடையில்லாத இடத்தில் பிடிமானமே இல்லாமல் போராடியதில் உடம்பு கொதித்தது, இதயம் தாறுமாறாக அடித்தது. அவர் உடையால் அந்தச் சூட்டையும் வியர்வையையும் வெளியேற்ற முடியவில்லை. ஹெல்மெட் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து எதிரே இருப்பது தெரியாமல் போனது. உள்ளே கையை விட்டுத் துடைக்க முடியுமா? மூக்கு நுனியால் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை அளவுக்குத் தேய்த்து, அதன் வழியே பார்த்துக்கொண்டு உயிரோடு திரும்பினார். திட்டமிட்ட வேலையைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகு வந்த பயணங்களில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி தடுக்கும் திரவம் பூசப்பட்டது. அடிப்படையில் அது சோப்புத் தண்ணீரின் உறவுக்காரன்தான். சோப்பு பூசிய பரப்பில் தண்ணீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும். படலத்தின் வழியே பார்வை தெளிவாக இருக்கும். நம்மூரில் ஷாம்பு தடவுவதும், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பதும் இதே யோசனைதான். (டூத் பேஸ்ட் தேய்க்கிறவர்களும் உண்டு. அதில் இருக்கும் நுண்துகள் கண்ணாடியைக் கீறிவிடும் என்பது தனிக் கதை.)

ஆனால் பூச்சுக்கு ஆயுள் குறைவு. ஈரம் பட்டுப் பட்டுக் கரைந்துபோகும். கரைந்தது கண்ணுக்குள் போனால் அதுவும் ஆபத்து. 2001 ஏப்ரலில் கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் விண்வெளி நடையில் இருந்தபோது இந்தத் திரவம் கண்ணில் பட்டு எரிச்சலில் சிறிது நேரம் பார்வையே இல்லாமல் தவித்தார்.

இரண்டு சுவர் போட்டால்?

இன்னொரு வழியைக் காட்டியவர் ஒரு பல் மருத்துவர்! பனிச்சறுக்குப் பிரியரான அமெரிக்கர் பாப் ஸ்மித், 1960-களின் நடுவில் இரண்டு அடுக்குக் கண்ணாடியுள்ள பனிச்சறுக்குக் கண்ணாடியை உருவாக்கினார். இரண்டு அடுக்குக்கும் நடுவே அடைபட்ட காற்று. வெளி அடுக்கு குளிர்ந்தாலும், நடுவில் இருக்கும் காற்று குளிரை உள்ளே விடாது. உள் அடுக்கு கதகதப்பாக இருப்பதால் ஆவி படிவதில்லை. தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே தத்துவத்தை ஹெல்மெட்டுக்குக் கொண்டுவந்தது நெதர்லாந்தின் பின்லாக் நிறுவனம். கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் இரண்டு சின்ன ஊசிகள் (பின்கள்). அவற்றின் நடுவே மெல்லிய, வளையும் தகடு ஒன்று பொருந்தி நிற்கும். தகட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு சிலிகான் வரம்பு ஓடும். அது கண்ணாடியோடு அழுந்தி ஒட்டும்போது நடுவே காற்று சிறைப்படும். அதோடு அந்தத் தகடு ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ள பிளாஸ்டிக். ஆக இரண்டு காவல்: ஒன்று காற்று அடுக்கு, இன்னொன்று ஈரம் குடிக்கும் தகடு. 30, 70, 120 என்று எண்களில் வருகிறது. எண் கூடக் கூட ஆவி படியாமல் தாங்கும் நேரம் கூடும்.

சட்டம் தலை வரைக்கும்

தமிழ்நாட்டில் ஹெல்மெட்டின் வரலாறு பெரும்பாலும் சட்டத்தின் வரலாறு. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இங்கே 2007 ஜூன் 1 முதல் அமல் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் கெடுபிடி தளர்ந்தது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். கிருபாகரன் தந்த உத்தரவால் ஜூலை 1 முதல் மறுபடியும் கட்டாயமானது. அந்த நாட்களில் ஹெல்மெட் கடைகளில் கூட்டம் அலைமோதியது, விலையும் எகிறியது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை (ஐ.எஸ். 4151 தரம்) இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்றானது. 2022 மே மாதம் சென்னைப் போலீஸ் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று கெடுபிடி செய்தது.

இதற்கெல்லாம் பலன் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டத்தால் ஹெல்மெட்டைத் தலையில் வைக்க முடிந்தது. கண்ணாடியை மூட வைக்க முடியவில்லை. போலீஸைத் தாண்டும் வரை போட்டுவிட்டு டேங்க் மேல் வைக்கிறவர்களும், மழையில் கண்ணாடியைத் தூக்குகிறவர்களும் சொல்லும் காரணங்களில் முக்கியமானது "கண் தெரியல" என்பதே. அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அது உண்மையும்கூட.

ராயப்பேட்டையை மவுண்ட் ரோடோடு இணைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு (ஜி.பி. ரோடு) வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். இந்தியாவில் பின்லாக் மாட்டக்கூடிய ஹெல்மெட்டுகள் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் பரவலாகிவிட்டன. வாங்கும்போது கண்ணாடியில் அந்த இரண்டு பின்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடி மாடலுக்கு உரிய தகட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வேறு மாடலின் தகடு சரியாகப் பொருந்தாது.

தகட்டைக் கெடுப்பது யார்?

"காசு கொடுத்து வாங்கிப் போட்டேன், ஒரு மழைக்காலம் கூடத் தாங்கல" என்று புலம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் தகட்டைக் கெடுப்பது மழை அல்ல, பராமரிப்புதான். மேலே சொன்ன வரலாறு தெரிந்தால் காரணமும் தானே புரியும்.

தகடு ஈரம் குடிப்பது. ஈரம் குடிக்கும் பொருள் மென்மையாகத்தான் இருக்கும். காய்ந்த துணியால், அதுவும் தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். வெதுவெதுப்பான தண்ணீர், தேவைப்பட்டால் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, விரல் நுனி, இவ்வளவு போதும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, ஸ்பிரிட், பெட்ரோல், பாலிஷ் எதுவும் கூடாது. அவை தகட்டின் உறிஞ்சும் குணத்தையே கெடுத்துவிடும். ஷாம்பு, டூத் பேஸ்ட் வைத்தியமும் தகட்டுக்கு ஆகாது.

குடித்த ஈரத்தை அது வெளியே விடவும் வேண்டும். மழையில் வந்து ஹெல்மெட்டை அப்படியே மூடிப் பைக்குள் போட்டால், மறுநாள் காலையில் தகடு நேற்றைய ஈரத்தோடு புறப்படும். பிறகு எப்படி உறிஞ்சும்? வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் திறந்து காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். சீக்கிரம் காய வேண்டும் என்று வெயிலிலோ ஹேர் டிரையர் முன்னாலோ காட்டினால் தகடு நெளிந்துபோகலாம்.

மூன்றாவது, அந்தச் சிலிகான் வரம்பு. சுற்றிலும் எங்கும் இடைவெளி இல்லாமல் கண்ணாடியைத் தொட வேண்டும். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆவி படிந்தால் காற்று அடுக்கில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பல ஹெல்மெட்டுகளில் அந்தப் பின்கள் மையம் விலகிச் செய்யப்பட்டவை. கொஞ்சம் திருப்பினால் தகட்டை இறுக்கிப் பிடிக்கும். ஒரேயடியாக இறுக்காமல் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கழற்றும்போது, கண்ணாடியை ஹெல்மெட்டிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல விரித்தால் தகடு தானே விடுபடும். நகத்தால் நெம்பினால் சிலிகான் பிய்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது சிலிகான் பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். புதிய தகட்டின் மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை மாட்டிய பிறகு உரிக்க மறக்கக் கூடாது!

தாடைப் பக்கத்துக் காற்றுத் துளையைத் திறந்து வைப்பதும், மூக்குக்கு மேலே வரும் மூச்சுத் தடுப்பைக் கழற்றாமல் இருப்பதும் தகட்டின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். இத்தனைக்குப் பிறகும் கீறலும் மங்கலும் போகவில்லை என்றால் புதுத் தகடு மாற்ற வேண்டியதுதான். ராத்திரி மழையில் ஹெட்லைட் வெளிச்சம் கீறலில் பட்டுச் சிதறினால், ஆவி படிந்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

கெய்ர்ன்ஸ் மண்டையைக் காக்கச் சொன்னார். கர்னி முகத்தை மூடிக்கொண்டார். செர்னன் மூடிய முகத்துக்குள் பார்வையை இழந்தார். பாதுகாப்புக்காகப் போட்ட ஒன்று பார்வையை மறைத்தால் மனிதன் அதைக் கழற்றிவிடுவான், இல்லை தூக்கிவிடுவான். மணிக்கூண்டு பக்கம் மழையில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் செய்வதும் அதுதான். அவருக்கு அபராதச் சீட்டைவிட அவசரமாகத் தேவைப்படுவது இரண்டு பின்னுக்கு நடுவே ஒரு தகடும், வாரம் ஒருமுறை அதைக் கழுவிக் காயவைக்கப் பத்து நிமிஷமும். அடுத்த மழை தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்து வைத்துவிட்டால், கண்ணாடியை மூடிக்கொண்டே வீடு போய்ச் சேரலாம்.