மறுபக்கம் இல்லாத துணி

தவக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்திருந்த குடியிருப்பு ஒன்றில் வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். பகல் ஷிப்டு முடித்துத் திரும்பியோர் கைகால் கழுவிக்கொண்டிருந்தனர். இரவு ஷிப்டுக்குச் செல்வோர் சோற்றுத் தூக்கைக் கட்டிக்கொண்டிருந்தனர். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த கயிறுகளில் கட்டம் போட்ட லுங்கிகள் உலர்ந்துகொண்டிருந்தன. என்னுடன் வந்த முதியவர், ஆரணியாற்றங்கரை ஊரொன்றில் பாதி ஆயுளைத் தறிக்குழியில் கழித்தவர், ஒரு லுங்கியின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். “சாமி, நல்லா நெய்த கட்டத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் கிடையாது. எப்படித் திருப்பினாலும் ஒரே முகந்தான்” என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பார்த்துவரும் துணி. என் தந்தை இடுப்பில் கட்டியதும், தாய் என்னைத் தலை துவட்டிவிட்டதும் அத்தகைய துணியால்தான். ஆயினும் அன்றுவரை அதை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அழகு என்பது கோயில் கோபுரத்திலும் ஓவியக் கூடத்திலும் மட்டுமே இருப்பதாக எண்ணிப் பழகிவிட்டோம். கொடிக்கயிற்றில் தொங்கும் அழகு நம் கண்ணில் படுவதில்லை. அந்த முதியவரின் சொல் என்னை வரலாற்று நூல்களிடம் அழைத்துச் சென்றது. அங்கே நான் கண்டவற்றைத்தான் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பழவேற்காடு தந்த பெயர்

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் ஏரிக்கும் இடையே கிடக்கிறது பழவேற்காடு. நம்மில் பலர் அங்குள்ள மகிமை மாதா திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்றிருப்போம். 1515ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அமைத்த ஆலயத்திலிருந்து அத்திருத்தலம் வளர்ந்தது என்பது மரபு. விசயநகரப் பேரரசின் காலத்தில் பழவேற்காடு சோழமண்டலக் கரையின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிற்று. போர்த்துக்கீசியருக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். விசயநகர மன்னர் வேங்கடரிடம் இசைவு பெற்று, 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடம் இதுவே. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மறு ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அவர்களை இங்கே இழுத்து வந்தது எது? பொன்னன்று, முத்துமன்று, துணி. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த மொலுக்காத் தீவுகளின் மக்களுக்கு ஐரோப்பாவின் கம்பளியால் பயனில்லை. அவர்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலத்துத் துணியை. நம் துணி இன்றேல் அங்கே நறுமணப் பொருள் இல்லை. இதை நன்கறிந்த டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர், சோழமண்டலக் கரையை மொலுக்காவின் இடது கை என்றே 1612இல் வருணித்தார்.

துறைமுகத்தின் பெயரே துணியின் பெயராயிற்று. பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிகாட்’ என்றனர். ஆங்கில அகராதியில் அச்சொல் கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டையையும் குறிக்கிறது. மலேயர் தம் கட்டச் சாரத்தை இன்றும் ‘காயின் பெலெக்காட்’ என்கின்றனர். வீட்டில் இளைப்பாறும்போதும், தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லும்போதும் இலட்சக்கணக்கான மலேசியர் நம் மீனவ ஊரொன்றின் பெயரை இடுப்பில் உடுத்துகின்றனர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

நூலும் நீரும் காற்றும்

அச்சிட்ட துணிக்கு ஒரு முகந்தான் உண்டு. சாயம் மேற்பரப்பில் நிற்கும். இத்துணியோ நெய்வதற்கு முன்னரே நூலில் சாயமேற்றப்பட்டது. சாயம் நூலின் உள்ளேயே குடியிருப்பதால் இருபுறமும் ஒரே நிறம்.

செயற்கைச் சாயங்கள் வருவதற்கு முன் சிவப்பு நிறம் சாயவேரிலிருந்து கிடைத்தது. கடலோர மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு செடி அது; மெல்லிய வேரை நோகாமல் தோண்டியெடுத்து, உலர்த்தி, இடித்து, பலநாள் பாடுபட்டால்தான் நூல் சிவக்கும். நீலத்திற்கு அவுரி. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். காண்போர் அதை மாயம் என்பர்; சாயக்காரருக்கோ அது நாள்தோறும் நிகழும் வேலை.

பிறகு பாவு ஓட்டுதல். விடியலில், வெயில் ஏறுமுன், பாவடியில் நூலை நீள நீட்டிக் கஞ்சி தோய்ப்பர். இத்தனை இழை சிவப்பு, இத்தனை நீலம், இத்தனை வெள்ளை என எண்ணி அடுக்குவர். அதே எண்ணிக்கையில் ஊடையும் ஓட வேண்டும். ஓரிழை பிசகினால் கட்டம் கோணும். சிவப்புப் பாவை நீல ஊடை குறுக்கிடும் இடத்தில் மூன்றாவது நிறமொன்று பிறக்கும்; அந்நிறத்தை எவரும் சாயத் தொட்டியில் தோய்த்தெடுக்கவில்லை. இரண்டு நூல்கள் ஒன்றையொன்று மறைக்காமல் சேர்ந்ததால் வந்தது அது. மிதியின் தட்டும் நாடாவின் ஓட்டமும் மாறி மாறி ஒலிக்கும் தறி ஓசையில், எண்ணுவதும் பாடுவதும் ஒன்றாகிவிடும் என்று அந்த முதியவர் கூறினார்.

கடல் கடந்த கட்டங்கள்

18ஆம் நூற்றாண்டில் இக்கைக்குட்டைகள், ‘மெட்ராஸ்’ என்னும் பெயருடன், இலண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றன. நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அவற்றை ‘இஞ்சிரி’ என்று அழைத்துத் தமதாக்கிக் கொண்டனர். பிறப்பிலும் இறப்பிலும் அத்துணிக்கு அவர்களிடையே சிறப்பிடம் உண்டு. அதனினும் வியப்பு, கலபாரிப் பெண்கள் நம் துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் சிறு கத்தியால் அறுத்து உருவி எடுத்துப் புதிய கோலங்களை உண்டாக்குகின்றனர். நம் நெசவாளர் இழையைச் சேர்த்து அழகு செய்தார்; அவர்கள் இழையை நீக்கி அழகு செய்கின்றனர். ஒருவரை ஒருவர் கண்டிராத இரு கலைஞர்கள் ஒரே துணியில் உழைத்திருக்கின்றனர்.

அட்லாண்டிக்கைக் கடந்து கரிபியன் தீவுகளுக்கும் அது சென்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோமினிக்காத் தீவில் வாழ்ந்த இத்தாலிய ஓவியர் அகொஸ்தினோ புரூனியாசின் ஓவியங்களில், கறுப்பினப் பெண்களின் தலைக்கட்டுகளில் அந்தக் கட்டங்களைக் காணலாம். மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளின் மரபு உடையில் இன்றும் அது ‘மெட்ராஸ்’தான். அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் கடற்கரை மக்களைக் கப்பலேற்றினர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பையும் அடைந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாள்! அத்தீவுகளில் இறங்கிய தமிழர், தாய்மண்ணின் துணி தமக்கு முன்னரே அங்கு வந்து பிறர் தலையில் முடிசூடியிருக்கக் கண்டபோது என்ன நினைத்திருப்பர்?

துணியின் மறுபக்கம்

இந்த இடத்தில் என் மகிழ்ச்சி நின்றுபோயிற்று. துணிக்கு மறுபக்கம் இல்லை. அதன் வரலாற்றிற்கு உண்டு.

கட்டத் துணி ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது வெறும் ஆடையாக அன்று, பணமாகச் சென்றது. அங்கே மனிதரை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களுள் இந்தியத் துணி முதன்மையானது. புரூனியாசின் ஓவியப் பெண்கள் தலையில் சூடியிருப்பது, ஒருவகையில், அவர்தம் முன்னோரின் விலை.

அது எங்கோ தொலைவில் நடந்தது என்றும் ஆறுதல் கொள்ள வழியில்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த போதெல்லாம், பழவேற்காட்டுத் துறையிலிருந்தே அடிமைகள் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டனர். பசியால் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர், தரகர் வாங்கினர். துணிப்பொதி ஏறிய அதே துறையில் மனிதரும் ஏறினர். டச்சுக்காரர் மட்டுமே இதற்குப் பொறுப்பு என்று சொல்லிக் கத்தோலிக்கராகிய நாம் ஒதுங்க முடியாது. அவர்களுக்கு முன்னரே போர்த்துக்கீசியர் அவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். அவர்களும் மாதாவின் முன் மண்டியிட்டவர்களே. திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்தது 1839இல். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 பெப்ருவரியில் செனகல் நாட்டின் கொரே தீவில், அடிமைகளை அடைத்து வைத்த வீட்டில் நின்று, கிறிஸ்தவர் செய்த அப்பாவத்திற்காக மன்னிப்பு வேண்டினார். நம் மாதா திருத்தலக் கடற்கரையில் நிற்கும்போது அந்த வேண்டுதலை நாமும் நினைத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மரணத்தை நினைவூட்டி நிற்கின்றன. உள்ளே வணிகரும் அதிகாரிகளும் அவர்தம் துணைவியரும் தத்தம் பெயர், ஆண்டு, குலச்சின்னம் யாவும் பொறித்த கல்லின்கீழ்த் துயில்கின்றனர். எழுத்துகளும் பூவேலைப்பாடும் இன்றும் கூர்மை குன்றாதவை. ஆனால் சாயமேற்றியவர், நெய்தவர், கப்பலேற்றப்பட்டவர் எவருக்கும் அங்கே ஓர் எழுத்துகூட இல்லை.

செங்கல்லும் திருக்கூடாரமும்

நெசவாளர் வறுமைப்பட்டது எவ்வாறு? வணிகர் முன்பணம் கொடுத்தனர். நூல் வாங்கவும் நெய்து முடிக்கும்வரை அடுப்பெரியவும் அது தேவைப்பட்டது. விளைச்சல் பொய்த்து அரிசி விலை ஏறினால் முன்பணம் கடனாயிற்று. கடன் தறியைக் கட்டியது.

முன்பணம் என்ற அச்சொல் நம் மாவட்டத்திற்குப் பழங்கதையன்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2011இலும் 2015இலும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த தொழிலாளர் நூற்றுக்கணக்கில் குழந்தைகளோடு மீட்கப்பட்ட செய்தியைப் படித்தோம். அவர்களைப் பிணைத்ததும் ஊரில் வாங்கிய முன்பணமே. அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கல் நம் வீட்டுச் சுவரிலும், ஏன், ஆலயச் சுவரிலும்கூட இருக்கக்கூடும்.

செங்கல் என்றதும் விடுதலைப் பயண நூல் நினைவுக்கு வருகிறது. எகிப்தில் இஸ்ரயேலர் செங்கல் அறுத்தனர். வைக்கோல் தரப்படவில்லை, எண்ணிக்கையும் குறைக்கப்படவில்லை. அந்தச் செங்கல் அறுத்த கைகளில் ஒன்றின் பெயரையும் விவிலியம் நமக்குத் தரவில்லை. பார்வோனுக்கு அவர்கள் வெறும் எண்ணிக்கை. அதே மக்கள் விடுதலை பெற்றுப் பாலைநிலத்தில் திருக்கூடாரம் அமைக்கத் தொடங்கியபோது நடந்ததைப் பாருங்கள். ஆண்டவர் பெசலேல் என்னும் கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைத்ததாக 31ஆம் அதிகாரம் கூறுகிறது. இறை ஆவியால் அவரை நிரப்பியதாகவும் சொல்கிறது. அரசருக்கோ படைத்தலைவருக்கோ அன்று, பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்த ஒருவருக்கு அக்கொடை! நெசவுத் திறனையும் அந்த ஆவியின் கொடைகளோடு 35ஆம் அதிகாரம் சேர்த்தே எண்ணுகிறது.

அடிமையின் வேலைக்கும் விடுதலை பெற்றவரின் வேலைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. களைப்பு இரண்டிலும் உண்டு. ஒன்றில் மனிதர் எண்ணாகிறார். மற்றொன்றில் பெயர் பெறுகிறார். உழைப்பின் மாண்பு உழைக்கும் மனிதரிடமிருந்தே வருகிறது என்று 1981இல் வெளியான உழைப்பைப் பற்றிய திருமடல் நமக்குக் கற்பித்தது இதைத்தான்.

ஆகவே அழகைக் காண்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது ஓர் அறக்கடமையும் ஆகும். ஒரு பொருளை உற்றுப் பார்ப்பவர், அதைச் செய்த கையைத் தேடாமல் இருக்க முடியாது. கையைத் தேடுபவர், அதற்குக் கிடைத்த கூலியையும் கேட்பார். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கங்களில் இன்றும் தறிகள் ஓடுகின்றன. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் வண்ணப் பெட்டிகள் முடைகின்றனர். அடுத்த முறை மகிமை மாதாவைக் காணச் செல்லும் குடும்பங்கள், ஓலைப்பெட்டி ஒன்றை விலை பேசாமல் வாங்கி, முடைந்தவரின் பெயரையும் கேட்டு வாருங்கள் என்று வேண்டுகிறேன்.

அன்று மாலை நான் விடைபெறும் வேளையில், லுங்கிக்கு உரிய இளைஞர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒடிசாவிலிருந்து வந்தவர், தமிழ் அரைகுறையாகவே வந்தது. அந்தத் தெருவழியே பலமுறை சென்றிருக்கிறேன். அவரைப் பார்த்தும் இருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. அன்று கேட்டேன். சொன்னார். நான் ஒருமுறை தவறாக உச்சரிக்க, சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னார். மறுநாள் காலைத் திருப்பலியில், நற்கருணைப் பீடத்தின்மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியைத் தொட்டபோது, அப்பெயரைச் சொல்லி மன்றாடினேன்.