சரத் பிர்திசந்த் சர்தா எதிர் மகாராட்டிர மாநிலம்

சரத் பிர்திசந்த் சர்தா எதிர் மகாராட்டிர மாநிலம் என்பது இந்திய உச்ச நீதிமன்றம் 1984 ஆம் ஆண்டு சூலை 17 அன்று தீர்ப்பளித்த குற்றவியல் மேல்முறையீட்டு வழக்காகும். நேரடிச் சாட்சி இல்லாத கொலை வழக்குகளில் சூழ்நிலைச் சான்றுகளை எடைபோடுவதற்கான ஐந்து கோட்பாடுகளை இத்தீர்ப்பு தொகுத்தளித்தது. இவை "பஞ்சசீலம்" எனவும் அழைக்கப்படுகின்றன.

பின்னணி

1982 பெப்ரவரியில் மணமான இளம்பெண் ஒருவர், அதே ஆண்டு சூன் மாதம் புனே நகரில் கணவரின் வீட்டில் இறந்து கிடந்தார். பொட்டாசியம் சயனைடு நஞ்சே இறப்புக்குக் காரணம் என அறியப்பட்டது. விசாரணை நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

மேல்முறையீடு

நீதிபதிகள் முர்தாசா பசல் அலி, அ. வரதராசன், சப்யசாச்சி முகர்ச்சி ஆகியோர் மேல்முறையீட்டை விசாரித்தனர். இவர்களுள் தமிழகத்தைச் சேர்ந்த வரதராசன், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி ஆவார்.

இறந்தவர் தம் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்கள் முக்கிய சான்றுகளாக இருந்தன. அவற்றில் வெளிப்பட்ட மனத்துயரைக் கருதிய பசல் அலி, தற்கொலைக்கான வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது என்றார். இரண்டு முடிவுகளுக்கு இடமிருப்பின், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதையே ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில் அவர் விடுதலை செய்யப்பட்டார்.

ஐந்து கோட்பாடுகள்

1. குற்ற முடிவுக்கு அடிப்படையான சூழ்நிலைகள் முழுமையாக நிறுவப்பட வேண்டும். நிறுவப்பட்டிருக்கலாம் என்ற நிலை போதாது.
2. அவை குற்றம் புரிந்தார் என்ற கருதுகோளுடன் மட்டுமே பொருந்த வேண்டும்.
3. அவை ஐயத்திற்கு இடமளிக்காத இறுதித் தன்மை உடையனவாக இருக்க வேண்டும்.
4. ஏனைய கருதுகோள்கள் அனைத்தையும் அவை விலக்க வேண்டும்.
5. சான்றுகளின் சங்கிலி அறுபடாது இருக்க வேண்டும்.

பிற முடிவுகள்

எதிர்த்தரப்பின் பொய்யான விளக்கத்தைக் கொண்டு அரசுத்தரப்பின் சங்கிலியில் உள்ள இடைவெளியை நிரப்ப இயலாது. சங்கிலி ஏற்கனவே முழுமையாக இருந்தால் மட்டுமே அது கூடுதல் கண்ணியாகும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313 ஆம் பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்கப்படாத சூழ்நிலைகளை அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் கூடாது.

தாக்கம்

சூழ்நிலைச் சான்றை மட்டும் நம்பியுள்ள கொலை வழக்குகளின் மேல்முறையீடுகளில் இத்தீர்ப்பு தொடர்ந்து மேற்கோள் காட்டப்படுகிறது. 2024 சூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்திற்கும் நடைமுறைச் சட்டத்திற்கும் மாற்றாகப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பின்னரும் இக்கோட்பாடுகள் பின்பற்றப்படுகின்றன.