பகுபடாப் பேரெண்கள்

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய பன்னிரண்டு தேங்காய்களை மூன்று வரிசையில் நந்நான்காகவோ, இரண்டு வரிசையில் அவ்வாறாகவோ அடுக்கலாம். இன்னுமொன்று சேர்ந்து பதின்மூன்றாகிவிட்டாலோ, ஒரே நீண்ட வரிசையாக வைப்பதன்றி வேறு வழியில்லை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் இத்தகைய எண்ணை நம் பாடநூல்கள் முதன்மை எண் என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பகா எண் என்றும் கூறும். இவை முடிவற்றவை என யூக்கிளிட்டு அன்றே நிறுவிவிட்டார். ஆயினும் கையிலுள்ள ஒரு பேரெண் இவ்வகையதா எனக் காண்பது வேறு காரியம்.

இரண்டை 127 தடவை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கொண்ட ஓர் எண் வரும். அதனை ஒற்றை எண்களால் விநாடிக்கு ஒன்று வீதம் வகுத்துச் சோதித்து முடிக்க ஏறத்தாழ இருபதினாயிரம் கோடி ஆண்டுகள் செல்லும். 1876ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் எட்வார்ட் லூக்கா அது முதன்மை எண்ணே என அறிவித்தார். அவர் அவ்வாறு வகுத்துப் பார்க்கவில்லை. 1, 1, 2, 3, 5, 8 என முன்னிரண்டின் கூட்டுத்தொகையாக வளரும் தொடரின் இயல்பே அவருக்குத் துணைநின்றது. (ஐரோப்பியர் ஃபிபொனாச்சியின் பெயரால் வழங்கும் இத்தொடரை, அவருக்கு முன்னரே யாப்பின் மாத்திரைக் கணக்கிற் கண்டவர் குஜராத்து ஏமச்சந்திரர்.)

லூக்காவின் முறையைப் பின்னர் லேமர் என்பார் எளிதாக்கினார். 31 என்ற எண்ணைக் கொள்வோம். இது இரண்டின் ஐந்தாம் வலுவிலும் ஒன்று குறைந்தது. நான்கில் தொடங்கி, வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 14. மீண்டும் அவ்வாறே செய்ய 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை செய்ய 62, மீதி எதுவுமில்லை. ஆகவே 31 முதன்மை எண். லூக்காவின் எண்ணுக்கு இம்முறையில் 125 படிகளே போதும்.

இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் பகுபடும் என்பதையும் லூக்கா காட்டினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவரால் கூற இயலவில்லை. 193707721, 761838257287 என்னும் அக்காரணிகளை 1903இல் அமெரிக்கரான கோல் வெளியிடும்வரை அவை மறைந்தே இருந்தன.

குறித்த வடிவங்கொண்ட எண்களுக்கன்றி, எல்லா எண்களுக்கும் ஐயந்திரிபற விரைவில் விடைதரும் முறை ஒன்றுண்டா? இவ்வினாவுக்கு விடை கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. 2002 ஆகஸ்டில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்பொழுதுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் அதனை வெளியிட்டனர். எவ்விதக் கருதுகோளையும் சாராத அம்முறையின் எளிமையே அறிஞரை வியக்க வைத்தது. நடைமுறையில் அதனினும் விரைவான முறைகள் உள என்பதும் உண்மையே. நான்கு கோடியே பத்து இலட்சம் இலக்கங்களைக் கடந்து 2024இல் அறியப்பட்ட முதன்மை எண்ணை உறுதிசெய்ய லூக்கா வழியே கையாளப்பட்டது.

கான்பூர் முறையும் ஓர் எண் பகுபடும் என்று சொல்லுமேயன்றிக் காரணிகளைக் காட்டித்தராது. அக்குறையே காவலுமாயிற்று. இரு பெரு முதன்மை எண்களின் பெருக்கத்தைப் பிரித்தல் அரிது என்ற நம்பிக்கையின் மீதே, இணையவழிச் செய்திகளைக் காக்கும் மறைகுறியீட்டு முறை ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. அப்பிரிப்புக்கு விரைவான வழியே இல்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை.