பழைய சொகுசுக் கார் ஏன் குளிரவில்லை? ஒரு வாயுவின் கதை

கார் ஏசி பத்தி ஒரு அரசு மருத்துவமனை டாக்டர் ஏன் த்ரெட் போடுறார்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. மனுஷனைக் குளிர வைக்க இயந்திரம் தேடினவர்களில் ஒருத்தர் எங்க ஆள்தான். ஜான் கோரி, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அப்பலாச்சிகோலா என்ற துறைமுக ஊரில் டாக்டர். 1840களில் காய்ச்சல் நோயாளிகள் இருந்த அறையில் ஐஸ் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். ஐஸ் வடக்கே இருந்து கப்பலில் வரணும். அதனால் தானே ஐஸ் செய்யும் இயந்திரம் கட்டினார், 1851ல் காப்புரிமையும் வாங்கினார். முதலீடு போட ஆள் கிடைக்கல. 1855ல் போய்ச் சேர்ந்துட்டார்.

இனி காருக்கு வருவோம்.

1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி தன் 1940 மாடலை ஏசியோடு காட்டியது. ஏசிக்கு மட்டும் 274 டாலர் கூடுதல். குளிர்விக்கும் பாகம் பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியில் பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் கிடையாது. கம்ப்ரசருக்கு கிளட்ச்சும் கிடையாது. அப்போ ஏசியை எப்படி ஆஃப் பண்றது? வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கழட்டணும். பணக்காரர்களுக்காகச் செய்த வசதிங்க இது! 1941ல் கேடிலாக் சுமார் 300 கார்களில் ஏசி போட்டது, அதிலும் இதே கதைதான். அப்புறம் போர் வந்து எல்லாம் நின்னுபோச்சு.

1953ல் கிரைஸ்லர் இம்பீரியலிலும் கேடிலாக்கிலும் ஏசி திரும்ப வந்தது. அடுத்த வருஷமே நாஷ் கம்பெனி, தன் துணை நிறுவனமான கெல்வினேட்டரின் அனுபவத்தை வைத்து, மொத்த ஏசியையும் வண்டியின் முன்பக்கத்துக்குள் அடக்கிவிட்டது. விலை 345 டாலர். இன்று நம் கார்களில் இருக்கும் அமைப்புக்கு அதுதான் தாத்தா.

இவர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தது ஒரு வாயுவை. ஆர்-12.

அதற்கு முன் ஃப்ரிட்ஜுகளில் ஓடியது அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. கசிந்தால் ஆளைக் கொல்லும் சரக்கு. 1928ல் ஜெனரல் மோட்டார்ஸுக்காக வேலை பார்த்த தாமஸ் மிட்க்லி என்பவரின் குழு ஆர்-12ஐ உருவாக்கியது. எரியாது, விஷமில்லை. 1930ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்க்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார்.

பெட்ரோலில் ஈயம் கலந்ததும் இதே மிட்க்லிதான். ஒரே ஆளின் இரண்டு கண்டுபிடிப்பு, ஒன்று குழந்தைகளின் மூளைக்குக் கேடு, இன்னொன்று வானத்துக்கே கேடு. 1940ல் போலியோ வந்து கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து எழுப்பிவிட அவரே கயிறும் கப்பியும் வைத்து ஒரு சாதனம் செய்தார். 1944ல் அந்தக் கயிறு கழுத்தை இறுக்கி இறந்தார். வயசு 55.

1974ல் மோலினாவும் ரோலண்டும் இந்த வகை வாயுக்கள் மேலே போய் ஓசோனைத் தின்கின்றன என்று எழுதினார்கள். கம்பெனிகள் நம்பல. 1985ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகா மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைக் காட்டியபோது வாதம் முடிஞ்சது. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் கூடும். தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். வளர்ந்த நாடுகள் 1995 முடிவோடு ஆர்-12 தயாரிப்பை நிறுத்தின. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 வரை அவகாசம். அந்த இடைவெளியில் மயாமி துறைமுகம் வழியாக ஆர்-12 கடத்தல் போதைப்பொருளுக்கு அடுத்த நிலையில் பேசப்படும் அளவுக்குப் போனது.

ஓடிக்கிட்டிருந்த லட்சக்கணக்கான பழைய கார்கள் என்ன ஆச்சு? அங்கேதான் தொல்லை. புது வாயு ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது. ஆனா பழைய உடம்புக்கு ஒட்டலை.

ஏன்னு பாருங்க. ஆர்-12 ஓடிய கம்ப்ரசரில் மினரல் ஆயில் இருக்கும். அது ஆர்-134ஏயோடு கலக்காது. கலக்காத எண்ணெய் குழாயில் எங்கேயோ தேங்கும், கம்ப்ரசர் காய்ந்து தேயும். அதனால் எஸ்டர் வகை எண்ணெய்க்கு மாற்றணும். பழைய ரப்பர் வளையங்களும் ஹோஸ்களும் புது வாயுவைக் கசியவிடும். வெயில் ஏறினால் புது வாயுவின் அழுத்தம் ஆர்-12ஐ விடக் கூடும். பழைய கண்டென்சர் அந்தச் சூட்டை வெளியேற்றத் திணறும். ஹைவேயில் ஜில்லுனு இருக்கும் வண்டி சிக்னலில் நின்றதும் வெந்நீர் மூச்சு விடுவது இதனால்தான். பழைய அளவு முழுக்க நிரப்பினால் இன்னும் மோசம். பொதுவா ஆர்-12 அளவில் 80 முதல் 85 சதவீதம் போதும்.

எங்களுக்கு பிபி மாதிரி, ஏசி மெக்கானிக்குக்கும் இரண்டு எண் உண்டு: லோ சைடு, ஹை சைடு. இரண்டும் குறைவா இருந்தா பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் அதிகமா இருந்தா கேஸ் கூடுதல், இல்லை கண்டென்சருக்குக் காத்துப் போகல. லோ அதிகம், ஹை குறைவு என்றால் கம்ப்ரசரே தளர்ந்துபோச்சு. கொஞ்ச நேரம் குளிர்ந்து, நின்று, ஓய்வு கொடுத்தால் மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்குன்னு சந்தேகப்படணும். அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி வழியை அடைக்கும். டிரையரை மாற்றி, நல்லா வாக்யூம் போடணும். கேஜைக்கூட மாட்டாம "கேஸ் அடிச்சா சரியாயிடும்"னு சொல்றது, காரணம் பார்க்காம காய்ச்சலுக்கு ஊசி போடுற மாதிரி.

சில நேரம் வாயுவுக்கு சம்பந்தமே இருக்காது. 1977 வாக்கில் வந்த பென்ஸ் 123, 116 வண்டிகளின் தானியங்கி ஏசி கிரைஸ்லரிடமிருந்து எடுத்தது. அதன் சர்வோவின் பிளாஸ்டிக் உடம்புக்குள்ளேயே இன்ஜினின் சூடான தண்ணி ஓடும். பிளாஸ்டிக் விரிசல் விட்டால் ஒரே சூடு அல்லது ஒரே குளிர். கேஸ் எத்தனை தடவை அடிச்சும் பிரயோஜனமில்லை. கம்பெனி அவசரத்தில் வாங்கிய கெட்ட டிசைன் என்பது என் கருத்து. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ இந்த விஷயத்தில் புத்திசாலி, ஜெனரல் மோட்டார்ஸின் கம்ப்ரசரையே வாங்கிப் போட்டது. அந்தக் கம்ப்ரசருக்கு உதிரி பாகம் இன்னைக்கும் கிடைக்குது.

ஒண்ணு மட்டும் தயவுசெய்து செய்யாதீங்க. பழைய வண்டிக்கு "ஆர்-12க்குப் பதில்" என்று எரியும் வாயுக்கலவை அடிப்பது. நல்லா குளிரும், உண்மைதான். ஆனா எவாப்பரேட்டர் இருப்பது பயணிகள் உட்காரும் அறைப் பக்கம். அங்கே கசிந்து ஒரு பொறி பட்டால் தீக்காய வார்டுக்குத்தான் வரணும். அமெரிக்காவில் ஆர்-12 கார்களில் இதைத் தடை செய்தது இதனால்தான்.

ஆர்-134ஏயும் நிரந்தரமில்லை. ஓசோனை விட்டாலும், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். 2017 முதல் ஐரோப்பாவில் புதுக் கார்களில் அது கூடாது. இப்போது ஆர்-1234ஒய்எஃப். அது லேசா எரியும், எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும் என்று 2012ல் டைம்லர் எதிர்த்து, பிறகு சில பென்ஸ்களில் கார்பன் டை ஆக்சைடையே குளிர்வாயுவாகப் போட்டது.

என் ஓபிடியில் ஆஸ்துமா நோயாளிக்கு எழுதும் சால்புட்டமால் இன்ஹேலர்களிலும் மருந்தைத் தள்ளுவது பெரும்பாலும் இதே ஆர்-134ஏ, மருத்துவத் தரத்தில். ஆர்-12 குடும்பம் அங்கேயும் இருந்தது. கார்கள் மாறி பல வருஷம் கழிச்சுதான் இன்ஹேலர் மாறியது, மூச்சுக்கு ஒப்பந்தத்திலேயே விலக்கு கொடுத்திருந்தாங்க.