எக்மோ சிகிச்சை

கடும் சுவாசச் செயலிழப்பில் செயற்கைச் சுவாசக் கருவியும் கைகொடுக்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கையாளப்படும் முறை. தொடை நாளத்திலிருந்து கருஞ்சிவப்பாக வெளிவரும் இரத்தம், செயற்கைச் சவ்வில் ஒட்சிசன் ஏற்று, காபனீரொட்சைட்டை இழந்து, பளிச்சென்ற சிவப்பாகக் கழுத்து நாளம் வழியே திரும்பும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 5 லீற்றர். இது நுரையீரலைக் குணப்படுத்தாது; தேறுவதற்கு அவகாசம் மட்டுமே தரும். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுப்பதால் இரத்தப்பெருக்கு பெரிய ஆபத்து. வளர்ந்தவர் ஒருவர் இதனால் முதன்முதலில் பிழைத்தது 1971இல், அமெரிக்காவில். சென்னையில் 2016இல் தமிழக முதல்வர் ஜெயலலிதாவுக்கும் 2020இல் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் பொருத்தப்பட்டது; ஆனால் இருவரும் மீளாததால் இதைச் சாவின் அறிகுறியாகக் கொள்வது தவறு. எலிக்காய்ச்சலால் நுரையீரலில் இரத்தம் கசியும்போதும் பயன்படலாம். வயலில் இக்காய்ச்சல் தொற்றக்கூடிய இலங்கையின் வன்னி விவசாயிக்கோ, வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் கேட்டு வாங்குவதே எளிய காப்பு.