தோற்சுருளும் நூலடைவும்: தொடக்கக் கிறித்தவக் காலத்தில் யூதத் திருமுறை (வேலூர், ஆம்பூர் வட்டாரத் திருமறைப் பதிப்புகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

வேலூர், ஆம்பூர் வட்டாரத் திருச்சபைகளில் வழங்கும் தமிழ்த் திருமறைப் பதிப்புகளுள் பழைய ஏற்பாட்டு நூல்களின் எண்ணிக்கை ஒன்றாக இல்லை. இவ்வேறுபாட்டின் வேர் கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளில் யூத மறைநூல்கள் எவ்வாறு புரிந்துகொள்ளப்பட்டன என்பதில் உள்ளது. அக்காலத்தில் திருமுறையின் மையம் உறுதியாகவும் விளிம்பு நெகிழ்வாகவும் இருந்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திருமுறை, தள்ளுபடி ஆகமம், இணைத் திருமுறை, மிஷ்னா, தோற்சுருள், ஆம்பூர்.

முன்னுரை

பாலாற்றங்கரைத் தோல் தொழில் வட்டாரம் கிறித்தவ மரபுகள் பல அருகருகே வாழும் நிலப்பகுதியாகும். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் சீர்திருத்தச் சபை மரபைச் சார்ந்தது. 1895இல் தமிழகத்தில் பணி தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன் பின்னர் ஆம்பூரைத் தன் முதன்மைக் களங்களுள் ஒன்றாக்கியது. வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1952இல் உருவானது. இம்மரபினர் ஒரே தெருவில் வாழ்ந்தாலும் அவர்தம் கைகளில் உள்ள திருமறை ஒன்றன்று. சீர்திருத்த, லுத்தரன் சபையார் வழங்கும் பதிப்பில் பழைய ஏற்பாடு 39 நூல்களைக் கொண்டது. கத்தோலிக்கர் ஏற்பது 46 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் நூல்கள் இரண்டு ஆகியனவே மிகுதியான ஏழு. 'நீக்கினர்' என ஒரு தரப்பும் 'சேர்த்தனர்' என மறுதரப்பும் கூறும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. இவ்விரு கூற்றும் முடிந்த முடிபாக ஒரு பட்டியல் தொடக்கத்திலேயே இருந்தது என்னும் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. அவ்வெடுகோள் சான்றுகளுடன் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

மையமும் விளிம்பும்

சீராக்கின் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த அவர்தம் பேரன் கி.மு. 132இல் எகிப்து வந்தவர். அவர் தம் முன்னுரையில் திருச்சட்டம், இறைவாக்கினர், பிற நூல்கள் என முப்பகுப்பைச் சுட்டுகிறார். மூன்றாம் பகுதிக்கு அவரிடம் நிலையான பெயர் இல்லை. லூக்கா நற்செய்தியின் இறுதி இயலில் சட்டம், இறைவாக்கினர், திருப்பாடல்கள் என்னும் வரிசை காணப்படுகிறது. முதலிரு பகுதிகள் ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றிருந்தமையையும் மூன்றாவது இன்னும் திரண்டுகொண்டிருந்தமையையும் இவை உணர்த்துகின்றன.

கும்ரான் குகைகளில் கிடைத்த சுவடிகள் இதற்கு வலுச்சேர்க்கின்றன. எபிரேயத் திருமுறையுள் எஸ்தர் நீங்கலாக ஏனைய நூல்களின் பகுதிகள் அங்குக் கிடைத்தன. தோபித்து, சீராக், ஏனோக்கு ஆகியவற்றின் பகுதிகளும் உடன் கிடைத்தன. புதிய ஏற்பாட்டின் யூதா திருமுகம் ஏனோக்கு நூலை மேற்கோளாக ஆள்வதும் இங்கு எண்ணத்தக்கது.

இதற்கு மறுப்பாக ஜோசிபஸின் கூற்றை முன்வைக்கலாம். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அப்பியோனுக்கு எதிராக எழுதிய நூலில் அவர், யூதர்க்குரிய நம்பத்தக்க நூல்கள் 22 மட்டுமே என்கிறார்: மோசேயின் ஐந்து, இறைவாக்கினரின் பதின்மூன்று, பாடலும் அறவுரையுமாக நான்கு. அதே காலத்தை ஒட்டிய எஸ்ராவின் நான்காம் நூலோ, யாவரும் படிக்க 24 நூல்களும் அறிஞர்க்கென மறைவாக 70 நூல்களும் உள்ளன என்கிறது. முன்னவர்க்குப் பட்டியல் மூடப்பட்டது. பின்னவர்க்கு மூடிய பட்டியலுக்கு அப்பாலும் இறைவெளிப்பாடு உண்டு. ஆகவே ஜோசிபஸின் சான்று ஒரு தரப்பின் தெளிவைக் காட்டுகிறதேயன்றி அனைவரின் உடன்பாட்டையும் காட்டவில்லை.

தோலும் தீட்டும்

கி.பி. 90ஐ ஒட்டி யவ்னே நகரில் கூடிய சங்கம் திருமுறையை முடிவுசெய்தது என்னும் கருத்து 1871இல் கிரேட்ஸால் முன்வைக்கப்பட்டுப் பரவலாக ஏற்கப்பட்டது. 1964இல் ஜாக் லூயிஸ் சான்றுகளை மறுஆய்வு செய்தபின் அது வலுவிழந்தது. மிஷ்னாவின் 'யாதாயிம்' பகுதி காட்டுவது ஒரு விவாதத்தையே: பிரசங்கியும் உன்னதப்பாட்டும் 'கைகளைத் தீட்டாக்குமா' என்பது அங்கு எழும் வினா.

இத்தொடரைத் தோல் தொழில் வட்டாரத்தில் இருந்து வாசிப்பவர் இருமுறை எண்ண வேண்டியுள்ளது. இங்குத் தோலைத் தொடும் கைகள் மீது சாதியம் சுமத்திய தீட்டு இழிவின் குறி. மிஷ்னாவிலோ தீட்டாக்கும் ஆற்றல் புனிதத்தின் குறி. ஹோமரின் நூல்கள் கைகளைத் தீட்டாக்குவதில்லை, மறைநூல்களே தீட்டாக்கும். அதே பகுதி மற்றொரு வரையறையையும் தருகிறது: மறைநூல் தோலின்மீது, மையால், அசீரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி அத்தன்மையைப் பெறாது. உப்பும் மாவும் மாசிக்காயும் இட்டுத் தோலைப் பக்குவப்படுத்தும் படிநிலைகளைத் தால்மூத்து விரித்துப் பேசுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பாலாற்று மரபுக்கு அயலான செய்தியன்று இது. எனினும் அச்சமூகமும் பதனிடுவோரை முழுமையாக மதித்துவிடவில்லை. பதனிடும் களம் ஊருக்கு 50 முழம் அப்பால் இருக்க வேண்டும் என அதே மிஷ்னா விதிக்கிறது. நூலைப் புனிதமாக்கிய தோலின் உழைப்பு ஊருக்கு வெளியே நின்றது.

தோற்சுருள் வடிவம் திருமுறைப் புரிதலையும் பாதித்தது. ஒவ்வொரு நூலும் தனிச்சுருளாக இருந்தவரை திருமுறை என்பது ஓர் அடைவே. ஒரே கட்டுக்குள் அடங்கிய பொருளன்று. நான்காம் நூற்றாண்டின் தோலேட்டுப் புத்தகங்களில்தான் எல்லை கண்ணுக்குப் புலனானது. அங்கும் ஒருமை இல்லை. வத்திக்கான் சுவடியில் மக்கபேயர் நூல்கள் இல்லை. சீனாய்ச் சுவடியில் அவற்றுள் முதலாவதும் நான்காவதும் உள்ளன.

கிறித்தவரின் இருவேறு விடைகள்

ஏறத்தாழ கி.பி. 170இல் சர்தை நகர் ஆயர் மெலித்தோ, நூல்களின் எண்ணையும் வரிசையையும் அறியக் கீழ்த்திசைக்குப் பயணம் செய்தார். ஓர் ஆயர் பயணம் செய்து அறிய வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டும். யூசேபியு காத்துத் தந்த அவரது பட்டியலில் எஸ்தர் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் யூதர்களின் 22 நூல் கணக்கை அறிந்தே, சூசன்னா வரலாற்றைத் திருச்சபை வழக்கின் அடிப்படையில் ஆப்பிரிக்கானுக்கு எழுதிய மடலில் காத்து நின்றார். கி.பி. 367இல் அத்தனாசியு 22 நூல்களைக் கணக்கிட்டு, ஞானம், சீராக், தோபித்து முதலியவற்றைப் புதியோர் படிப்பதற்குரியன எனத் தனியே வைத்தார். ஜெரோம் எபிரேய அடைவையே அளவுகோலாகக் கொண்டார், அகுஸ்தினாரும் கி.பி. 397இல் கார்த்தேஜ் சங்கமும் விரிந்த பட்டியலை ஏற்றனர்.

தமிழில் தொடர்ந்த வழக்கு

இவ்விரு விடைகளும் தமிழுக்கு வந்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்த சூல்சே, 1728இல் இம்மிகுதி நூல்களையும் அச்சிட்டார். லுத்தர் தம் 1534ஆம் ஆண்டுத் திருமறையில் அவற்றைத் தனிப்பகுதியாக வைத்த மரபின் தொடர்ச்சி இது. கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்து சங்கத்தில் விரிந்த பட்டியலை உறுதிசெய்தது. 1826இல் பிரித்தானிய, அயல்நாட்டு வேதாகமச் சங்கம் இந்நூல்களைப் பதிப்பதில்லை என முடிவெடுத்தபின் சீர்திருத்த சபையாரின் பதிப்புகளில் இருந்து அவை மறைந்தன. 'தள்ளுபடி ஆகமம்' என்னும் பெயரே எஞ்சியது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் அவற்றை 'இணைத் திருமுறை' எனப் பெயரிட்டது.

திருமுறை என்னும் சொல்லைத் தமிழர் சைவ மரபிலிருந்து அறிவர். நம்பியாண்டார் நம்பி தொகுத்ததாக மரபு கூறும் அடைவில் பெரியபுராணம் பின்னரே பன்னிரண்டாவதாக இணைந்தது. மையம் நிலைபெற்றபின் விளிம்பு வளர்வது தமிழ் வாசகர்க்குப் புதிதன்று.

முடிவுரை

தொடக்கக் கிறித்தவக் காலத்தில் யூதத் திருமுறை சட்டத்திலும் இறைவாக்கினரிலும் உறுதியாகவும், எழுத்துகள் எனப்பட்ட பகுதியில் நெகிழ்வாகவும் இருந்தது. எபிரேய அடைவை அளவாகக் கொண்டவரும் திருச்சபை வழக்கை அளவாகக் கொண்டவரும் தொன்மையான சான்றையே பின்பற்றினர். எனவே வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் வழங்கும் இரு பதிப்புகளுள் ஒன்றைக் குறைந்தது என்றோ மற்றதை மிகையானது என்றோ வரலாற்று அடிப்படையில் கூற இயலாது. 'தள்ளுபடி' என்னும் சொல் ஒரு தீர்ப்பைச் சொல்கிறது; அத்தீர்ப்புக்கு முன் நான்கு நூற்றாண்டுகள் நடந்த உரையாடலை அது மறைத்துவிடுகிறது. ஆய்வுத் தமிழில் 'இணைத் திருமுறை' என்பதை ஆள்வது அவ்வுரையாடலுக்கு இடமளிக்கும்.